புஷ்பம் டீச்சர் கடனாகக் கொடுத்த ஐந்நூற்று எழுபது ரூபாய்

புதிதாகக் குமாஸ்தா வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்கு நாலு நல்ல வார்த்தை எழுதித் தரச் சொன்னார்கள். முப்பத்தெட்டு வருஷம் புதுக்கோட்டைக் கோர்ட்டு வளாகத்தில் கேஸ் கட்டைத் தூக்கிக்கொண்டு அலைந்தவனிடம் நல்ல வார்த்தை எவ்வளவு மிச்சம் இருக்கும் என்று அவர்கள் யோசிக்கவில்லை. இருப்பதைத் தருகிறேன். பிடிக்காவிட்டால் மடித்து விசிறிக்கொள்ளுங்கள், வெயில் காலம்தான்.

போன மாதம் உங்கள் ஆபீசுக்கு நான் வந்திருந்தபோது ஒரு பையன் வந்து நின்றான். கலியாணம் பேசியிருந்த பெண்ணுக்குப் பணம் கொடுத்தானாம். பேச்சு முறிந்துவிட்டது. பணத்தைத் திருப்பி வாங்க முடியுமா என்று கேட்டான். அவன் படி இறங்குவதற்குள் உங்களில் இரண்டு பேர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பு எனக்கு நன்றாகத் தெரியும். என் இருபத்தாறாவது வயதில் அதே சிரிப்பைச் சிரித்து, ஒரு குடும்பத்தின் வயல் கைவிட்டுப் போகிற அளவுக்குக் கொண்டுபோய் நிறுத்தியவன் நான்.

அப்போது சமஸ்தானம் போய் நாலு வருஷம் ஆகியிருந்தது. ஊர் திருச்சி ஜில்லாவோடு சேர்ந்துவிட்டது. கச்சேரிகளில் பலகையை மாற்றினார்கள், உள்ளே இருந்தவர்கள் அதே ஆட்கள்தான். நான் ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருந்தேன். அவர் பெயர் வேண்டாம். கோபக்காரர். அந்தக் கோபமும் ஊருக்கெல்லாம் கிடையாது, எனக்கு மட்டும்தான்.

ஆடி மாதம் ஒரு நாள், ஆவூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு பெண் தன் அப்பாவோடு எங்கள் ஆபீசுக்கு வந்தாள். பெயர் மரியபுஷ்பம். அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். அப்பா அந்தோணி, முக்கால் ஏக்கர் கண்மாய்ப் பாசன வயல் வைத்திருந்த குடியானவர். வக்கீல் கோர்ட்டில் இருந்தார். நான்தான் நாற்காலியில் இருந்தேன். நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால் குமாஸ்தாவுக்குப் பாதி வக்கீல் என்ற நினைப்பு வந்துவிடும். உங்களுக்கும் வரும், ஜாக்கிரதை.

டீச்சர் பையிலிருந்து ஒரு புரோநோட்டை எடுத்து மேஜையில் வைத்தாள். ஐந்நூற்று எழுபது ரூபாய்.

"யாருக்குக் கொடுத்தீங்க?"

"எனக்கு நிச்சயம் பண்ணியிருந்தவருக்குங்க. லூர்துசாமின்னு பேரு. இங்கிட்டு டவுன்ல பஸ் கம்பெனில கிளார்க்கா இருக்காரு."

"கலியாணம்?"

"ரெண்டு ஓலை வாசிச்சாங்க. மூணாவது ஓலை வாசிக்கலைங்க."

எனக்கு விளங்கவில்லை. அந்தோணிதான் விளக்கினார். கிறிஸ்தவர்களான அவர்களில் கலியாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பூசையின்போது சாமியார் இன்னாருக்கும் இன்னாருக்கும் கலியாணம் என்று வாசிப்பார். தடை ஏதும் தெரிந்தவர்கள் வந்து சொல்லலாம். இரண்டு ஞாயிறு ஊரே கேட்டுவிட்டது. மூன்றாம் ஞாயிறு சாமியார் மற்ற ஜோடிகளை வாசித்துவிட்டு இவர்களை விட்டுவிட்டார். மாப்பிள்ளை சனிக்கிழமையே வந்து நிறுத்தச் சொல்லிவிட்டானாம். பூசை முடிந்து வெளியே வந்தபோதுதான் பெண் வீட்டுக்கே காரணம் தெரிந்தது. திருச்சியில் பத்துப் பவுனும் ஒரு தையல் மிஷினும் தருகிற இடம் கிடைத்திருக்கிறது.

"எம் பொண்ணு சம்பளத்துல மிச்சம் புடிச்சது பாதிங்க," என்றார் அந்தோணி. "மீதிக்கு நான் வயலை அடகு வச்சு முந்நூறு வாங்கிக் குடுத்தேன். வார வருசம் ஆடிக்குள்ள திருப்பலைன்னா வயலைக் கிரயம் எழுதிக் குடுத்துடணும்னு பேச்சு. அது ஒண்ணுதாங்க எங்களுக்கு இருக்கு."

இதைக் கேட்டு எனக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். சிரிப்பு வந்தது. படித்த பெண், நாற்பது பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறவள், ஒருவன் பல்லைக் காட்டியதும் பையை அவிழ்த்துவிட்டாளே என்று உள்ளுக்குள் ஒரு ஏளனம். வாயைப் பொத்திக்கொண்டேன். அவள் பார்த்துவிட்டாள் என்பது பின்னால்தான் எனக்குத் தெரிந்தது.

அதோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. உபதேசமும் செய்தேன். "கடுதாசி ஏதாச்சும் எழுதியிருக்காரா?" என்று கேட்டேன்.

"நெறைய எழுதியிருக்காருங்க. அடுத்த தடவை கொண்டாரவா?"

"ஐயையோ, வேண்டாம். நீங்க பொம்பளைப் பிள்ளை. அதெல்லாம் நாலு பேர் கண்ணுல பட்டா நாளைக்கு ஒங்களுக்கு வேற எடம் அமையுமா? வீட்டுக்குப் போனதும் அடுப்புல போட்டுருங்க. நமக்கு நோட்டு இருக்கு, போதும்."

அவள் பையை மூடிக்கொண்டாள். அந்தோணி கும்பிட்டார். பெரிய மனுஷத்தனமாக ஒரு குடும்ப மானத்தைக் காப்பாற்றிவிட்டதாக அன்று சாயங்காலம் வரைக்கும் எனக்கு நெஞ்சு நிமிர்ந்தே இருந்தது. வக்கீலிடம் நோட்டை மட்டும் கொடுத்தேன். கடிதங்களைப் பற்றி மூச்சு விடவில்லை. அவர் நல்லவேளையாகப் பிராதில் நோட்டோடு நிற்காமல், எந்த மாதம் எதற்காக எவ்வளவு கொடுத்தாள் என்று அவளையே வரவழைத்துக் கேட்டு நாலு தொகையையும் தனித்தனியாக எழுதினார். சைக்கிளுக்கு நூற்று நாற்பது. டைப்ரைட்டிங் பரீட்சைக்கு எண்பது. பஸ் கம்பெனியில் ரொக்க ஜாமீன் கட்ட இருநூற்றைம்பது. கைக்கடிகாரத்துக்கு நூறு. இவ்வளவு எதற்கு வளர்த்துகிறார் என்று நான் மனதுக்குள் முணுமுணுத்துக்கொண்டே நகல் எடுத்தேன்.

லூர்துசாமி ஒரு வக்கீலை வைத்து, வாங்கவே இல்லை, வாங்கியிருந்தாலும் அது பிரியமாகக் கொடுத்த இனாம் என்று பதில் போட்டான். வாங்கவே இல்லையாம், வாங்கினாலும் இனாமாம். இப்படி ஒரே மூச்சில் இரண்டையும் சொல்ல வெட்கம் இல்லாதவர்களை நான் கோர்ட்டில் நிறையப் பார்த்திருக்கிறேன். கோர்ட்டு அவர்களைக் கண்டு ஆச்சரியப்படுவதே இல்லை.

விசாரணை பங்குனியில் வந்தது. அந்தோணியின் கெடுவுக்கு நாலு மாதம் இருந்தது. அன்று கோர்ட்டு ஹாலில் நிற்க இடமில்லை. நிலத் தகராறில் மண்டை உடைந்த வழக்குக்குக் கூட அவ்வளவு கூட்டம் வராது. டீச்சர் ஒருத்தி பழைய காதலன் மேல் கேஸ் போட்டிருக்கிறாள் என்று எப்படியோ பரவிவிட்டது. தாலுகா ஆபீசில் லீவு சொல்லிவிட்டு வந்தவர்கள், கடையை மகனிடம் விட்டுவிட்டு வந்தவர்கள், வீட்டில் பெண்பிள்ளைகள் ஜன்னல் பக்கம் போனாலே அதட்டுகிற யோக்கியர்கள், எல்லாரும் முன் பெஞ்சியில் இடம் பிடித்திருந்தார்கள். லூர்துசாமி அந்தக் கைக்கடிகாரத்தைக் கட்டிக்கொண்டே வந்திருந்தான். கட்டுவதற்குக் கை கூசவில்லை.

டீச்சர் கூண்டில் ஏறினாள். எங்கள் வக்கீல் நோட்டைக் கொடுத்தார். எதிர்க்கட்சி வக்கீல் அதை வாங்கி ஒரு பார்வை பார்த்தார். சிரித்தார். முனிசீப்பிடம் நீட்டி, இதில் ஒட்டியிருப்பது சமஸ்தானத்து ஸ்டாம்பு, சமஸ்தானம் போய் இரண்டு வருஷத்துக்குப் பிறகு எழுதிய நோட்டு, ஆகவே ஸ்டாம்பே இல்லாத நோட்டுக்குச் சமம், இதைக் கோர்ட்டு சாட்சியமாக எடுக்கவே முடியாது என்றார்.

முனிசீப் வெளியூர்க்காரர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ஸ்டாம்பைப் பார்த்தார். எங்கள் வக்கீல் என்னைப் பார்த்தார்.

தம்பிகளே, அந்த ஸ்டாம்பை நான் நூறு தடவை கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன். நகல் எடுத்தேன், நம்பர் போட்டேன், உறையில் வைத்தேன். கண்ணில் உறுத்தவே இல்லை. திருச்சியிலிருந்தோ மதுரையிலிருந்தோ வந்த குமாஸ்தாவாக இருந்தால் இது என்ன புது மாதிரி ஸ்டாம்பு என்று அன்றே கேட்டிருப்பான். நான் இந்த ஊரில் பிறந்தவன். சின்ன வயதிலிருந்து பார்த்த ஸ்டாம்பு. எனக்கு அதுதான் ஸ்டாம்பு. ராஜாவும் திவானும் போய்விட்டதாகப் பேப்பரில் படித்துத் தெரிந்துகொண்டேன். என் கண்ணுக்கு யாரும் சொல்லவில்லை.

அந்தோணிக்கும் அதே கதைதான். வாட்சுக்கும் சேர்த்துக் கொடுத்து முடித்த அன்றைக்கு, மொத்தத்துக்கும் எழுத்து ஒன்று வேண்டும் என்று அவர்தான் பிடிவாதமாகக் கேட்டிருக்கிறார். "ஸ்டாம்பு நானே கொண்டாரேன் மாமா" என்று லூர்துசாமி சொல்லியிருக்கிறான். பஸ் கம்பெனிக்குப் போவதற்கு முன்னால் அவன் தாலுகா ஆபீஸ் வாசலில் ஸ்டாம்பு விற்கிறவரிடம் எழுத்து வேலை பார்த்தவன். எந்த ஸ்டாம்பு செல்லும், எது செல்லாது என்று இந்த ஊரில் பத்துப் பேருக்குத் தெரியும் என்றால் அதில் அவன் ஒருவன். திட்டம் போட்டுத்தான் ஒட்டினானா, பெட்டியில் மீந்து கிடந்ததை ஒட்டி இரண்டணா மிச்சம் பிடித்தானா, எனக்குத் தெரியாது. இரண்டில் எது என்றாலும் அந்த ஆளுக்குப் பொருத்தம்தான்.

நோட்டு எடுபடாது என்று முனிசீப் சொல்லிவிட்டார். "பிராதில் நாலு தொகையும் தனித்தனியாக இருக்கிறது, நோட்டு இல்லாமலே அந்தக் கடனை நிரூபிக்க உங்களிடம் வேறு என்ன இருக்கிறது?" என்று எங்கள் வக்கீலைக் கேட்டார். சாப்பாட்டு இடைவேளைக்குப் பிறகு சொல்கிறோம் என்றார் வக்கீல். முன் பெஞ்சியில் ஒருவர் உச்சுக் கொட்டினார். கேஸ் இவ்வளவு சீக்கிரம் முடிந்தால் அவருக்குக் காதல் கதை கிடைக்காதே.

வெளியே வேப்ப மரத்தடியில் வக்கீல் என்னிடம் ஸ்டாம்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "அவன் கைப்பட எழுதின துண்டுக் காகிதம், மணியார்டர் கூப்பன், ஏதாவது இருக்கா? நீதானேய்யா மொதல்ல விசாரிச்சே" என்றார்.

இங்கேதான் ஒரு குமாஸ்தாவின் வாழ்க்கையில் வருகிற கெட்ட நிமிஷம். கேட்டேன், ஒன்றும் இல்லை என்றாள் என்று சொல்லியிருந்தால் அவர் நம்பியிருப்பார். கேஸ் தள்ளுபடியாகும். பழி ஸ்டாம்பின் மேல் போகும், என் மேல் வராது. அந்தோணியின் வயல் யாரோ ஒருவன் பேருக்குப் போகும். அவ்வளவுதான். அந்தப் பொய் வாய் வரைக்கும் வந்தது. மரத்துக்கு அந்தப் பக்கம் அந்தோணி மகளுக்குக் கட்டுச்சோற்றைப் பிரித்துக் கொடுத்துவிட்டு, தான் சாப்பிடாமல், வேலை நடக்கட்டும் என்று எங்கள் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். நான் உண்மையைச் சொன்னேன்.

வக்கீல் என்னை அடிக்கவில்லை. "நீ அந்தக் கடிதங்களைப் படிச்சியா?" என்று மட்டும் கேட்டார்.

"இல்லைங்கய்யா."

"படிக்காமலே கொளுத்தச் சொன்னே."

"ஆமாங்க. மானத்துக்காக..."

"யாரு மானம்? போய்க் கேளுய்யா."

போனேன். டீச்சர் எதிரில் நின்றேன். "அன்னைக்கு நான் சொன்னேனே, அந்தக் கடுதாசியெல்லாம்... அடுப்புல..." என்று இழுத்தேன்.

அவள் கை கழுவிவிட்டு, பையைத் திறந்து, நூல் போட்டுக் கட்டிய ஒரு கட்டை எடுத்து நீட்டினாள். "கொளுத்தலைங்க."

சரி, இன்னும் ஆசை விடவில்லை என்று நினைத்தேன் பாருங்கள். அந்த நேரத்திலும் என் புத்தி அப்படித்தான் போயிற்று. "மனசு வரலையாக்கும்" என்றேன், ஆறுதல் சொல்கிறதாக நினைத்துக்கொண்டு.

"கணக்கு இருக்குங்க அதுல," என்றாள். "கணக்கு இருக்குற காயிதத்தை யாராச்சும் கொளுத்துவாங்களா? நீங்க அன்னைக்குச் சிரிச்சீங்க, அதான் நான் எடுத்துக் குடுக்கலை."

உட்கார்ந்து படித்தேன். பதினோரு கடிதம். முதல் கடிதத்தைக் கூச்சத்தோடு பிரித்தேன், மூன்றாவதற்கு வரும்போது கூச்சம் போய் எரிச்சல் வந்துவிட்டது. நாலைந்தை எடுத்து வக்கீலிடம் காட்டினேன். அவர் படித்துவிட்டு, பல நாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தார். ஆனால் ஒன்று பாக்கி. இதைத் தாக்கல் செய்தால் அவள் கூண்டில் நின்று தனக்கு வந்த கடிதங்கள் என்று சொல்ல வேண்டும், எதிராளி வக்கீல் அதை வைத்து என்னென்னவோ கேட்பார், கூட்டம் கேட்டுக்கொண்டிருக்கும். தாங்குவாளா என்று நான் போய்க் கேட்டேன்.

"பணம் குடுத்தது உண்மை. எழுதுனது அவரு. நான் எதுக்குங்க தாங்கணும்?" என்றாள்.

இடைவேளைக்குப் பிறகு கடிதங்களைத் தாக்கல் செய்ய அனுமதி கேட்டோம். தாமதமாகக் கொண்டுவந்ததற்குப் பத்து ரூபாய் எதிர்க்கட்சிக்குக் கட்டச் சொல்லி முனிசீப் அனுமதித்தார். அந்தப் பத்து ரூபாய் என் சம்பளத்தில் பிடித்தமாயிற்று. பிடித்தது நியாயம்தான்.

எங்கள் வக்கீல், பணம் கிடைத்தது என்று எழுதியிருக்கிற வரிகளை மட்டும் காட்ட ஆரம்பித்தார். உடனே எதிர்க்கட்சி வக்கீல் எழுந்தார். இரண்டு வரியைப் பிய்த்து எடுத்துக் காட்டக் கூடாது, கடிதம் என்றால் முழுக் கடிதம், சாட்சியே வாய்விட்டு முழுவதும் படிக்கட்டும் என்றார். எனக்குப் புரிந்துவிட்டது. பெண்பிள்ளை, காதல் கடிதம், இத்தனை ஆண்கள். இரண்டு வரி படிப்பதற்குள் அழுதுகொண்டு இறங்கி, கேஸும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று போய்விடுவாள் என்று கணக்குப் போட்டார். அவரும் என்னைப் போலவே கடிதத்தைப் படிக்கவில்லை. அவருடைய கட்சிக்காரன் பின்னாலிருந்து அவர் கோட்டைப் பிடித்து இழுத்தான். அவர் கையைத் தட்டிவிட்டார்.

முனிசீப் யோசித்துவிட்டு, "படியுங்கள் அம்மா" என்றார்.

பின்னால் நின்றவர்கள் கழுத்தை எக்கிக்கொண்டு முன்னால் வந்தார்கள். டீச்சர் முதல் கடிதத்தைப் பிரித்து, பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லுவதெழுதுதல் போடுகிற குரலில், நிறுத்தி நிதானமாகப் படித்தாள்.

"சேசு மரி சூசை துணை. அன்புள்ள புஷ்பத்திற்கு, நான் சுகம். உன் சுகத்துக்கு எழுதவும். நீ அனுப்பிய நூற்று நாற்பது வந்து சேர்ந்தது. சைக்கிள் எடுத்துவிட்டேன். டைனமோ லைட்டுக்குப் பதினெட்டு ரூபாய் தனியாம். யோசித்துச் செய்யவும்."

அடுத்தது. "மாடியில் படுத்தால் நிலாவில் உன் முகம்தான் தெரிகிறது." முன் பெஞ்சியில் ஒருவர் தொண்டையைச் செருமிக்கொண்டு நிமிர்ந்தார். டீச்சர் அதே குரலில் தொடர்ந்தாள். "டைப்ரைட்டிங் பரீட்சைக்கும் திருச்சியில் தங்கும் செலவுக்கும் எண்பது ஆகும். பணம் கட்டுவதற்குக் கடைசித் தேதி பதினைந்து. அதற்குள் அனுப்பினால் நலம்."

நிமிர்ந்தவர் மறுபடி சாய்ந்தார். மூன்றாவது கடிதம் பஸ் கம்பெனியின் பேர் அச்சடித்த காகிதத்திலேயே எழுதியிருந்தது. ஜாமீன் தொகை இருநூற்றைம்பது கட்டியாயிற்று, ரசீது பத்திரம் என்று ஆரம்பித்து, "ஆபீசில் எல்லார் கையிலும் வாட்சு இருக்கிறது. நான் மட்டும் மற்றவர்களிடம் மணி கேட்டுக்கொண்டிருந்தால் நாளைக்கு அவமானம் உனக்குத்தான்" என்று முடிந்தது. எல்லார் கண்ணும் லூர்துசாமியின் மணிக்கட்டுக்குப் போயிற்று. அவன் கையை மேஜைக்கு அடியில் வைத்துக்கொண்டான். கூட்டத்தில் இரண்டு பேர் எழுந்து டீ குடிக்கப் போனார்கள். காதல் கடிதம் கேட்க லீவு போட்டுவிட்டு வந்தவர்களுக்கு மளிகைக் கடைச் சிட்டையைப் படித்துக் காட்டினால் என்ன செய்வார்கள்?

நாலாவதுதான் கடைசி. அவள் ஒரு தடவை எழுதியிருந்தாளாம், எல்லாம் நம் குடும்பத்துக்குத்தானே, திருப்பித் தர வேண்டாம் என்று. அதற்கு வந்த பதில் அது.

"இனாமாக வைத்துக்கொள்ளச் சொல்லி எழுதியிருந்தாய். படித்து மிகவும் வருத்தப்பட்டேன். பெண்பிள்ளையிடம் இனாம் வாங்கித் தின்கிற ஆண்பிள்ளை நான் அல்ல. வாட்சையும் சேர்த்து இதுவரை ஐந்நூற்று எழுபது. இது கடன். கலியாணம் நடந்தாலும் கடன், நடக்காவிட்டாலும் கடன். காலணா பாக்கியில்லாமல் கொடுப்பேன். இப்படிக்கு, உன் லூர்து."

மடித்து வைத்தாள். குரல் ஒரு இடத்திலும் உடையவில்லை. "உன் லூர்து" என்ற இடத்தில் மட்டும் கொஞ்சம் வேகமாகப் படித்தாள். அதை நான் கவனித்தேன், மற்றவர்கள் கவனித்தார்களா தெரியாது.

முனிசீப் எதிர்க்கட்சி வக்கீலைப் பார்த்து, "முழுவதும் படிக்க வேண்டிய கடிதம் இன்னும் ஏதாவது உண்டா?" என்று கேட்டார். அவர் இல்லை என்று உட்கார்ந்தார். பிறகு லூர்துசாமி கூண்டில் ஏறி, கையெழுத்து என்னுடையது மாதிரி இருக்கிறது, ஆனால் நினைவில்லை என்று உளறினான். இனாம் என்று போட்ட பதிலை அவனுடைய வீராப்பே தின்றுவிட்டது. அந்த ஒரு கடிதத்தை மட்டும் அவன் எழுதாமல் இருந்திருந்தால் அவன் ஜெயித்தாலும் ஜெயித்திருப்பான். ஆண்பிள்ளை என்று மார் தட்டிக்கொள்ளாமல் இருக்க முடியவில்லை. முழுத் தொகைக்கும் செலவோடு தீர்ப்பாயிற்று.

தீர்ப்பு வாங்குவது பாதி வேலை. பணம் வாங்குவது மீதி. அந்தோணி தீர்ப்பு நகலோடு அடகு பிடித்தவரிடம் போனார். அந்த மனுஷர், கோர்ட்டே சொல்லியிருக்கிறது, மாசாமாசம் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடு, கிரயம் கேட்கவில்லை என்றார். ஆனால் மாசாமாசம் கொடுப்பதற்குப் பணம் வர வேண்டுமே. லூர்துசாமி அசையவில்லை. வீட்டில் போய்ப் பார்த்தால் சொத்து என்று ஒன்றும் இல்லை. பத்துப் பவுனும் தையல் மிஷினும் மாமனார் வீட்டுச் சீர், பெண்டாட்டி பேரில் இருக்கிறது.

எனக்கு ஒரு யோசனை வந்தது. பஸ் கம்பெனியில் கிடக்கிற ஜாமீன் தொகை இருநூற்றைம்பதை ஜப்தி செய்துவிடலாம். அவள் பணம்தானே அது. பிரமாதமான யோசனை என்று எனக்கே என்னைப் பிடித்துப்போய்விட்டது. டீச்சரிடம் சொன்னேன்.

"ஜாமீன் போச்சுன்னா கம்பெனில வேலைல வச்சிருப்பாங்களா?" என்று கேட்டாள்.

"மாட்டாங்க. நல்லா அனுபவிக்கட்டும்."

"அனுபவிச்சா எனக்கு என்னங்க ஆச்சு? வேலை போனா பாக்கி முந்நூத்து இருவதை யாரு குடுப்பா? நீங்க ஜப்தி பண்ண வேணாம். பண்ணப் போறோம்னு மட்டும் அவரு காதுல விழுகட்டும்."

இப்படி ஒரு கட்சிக்காரர் எனக்கு அதற்குப் பிறகு வாய்க்கவில்லை. எதிராளியைக் கவிழ்த்துவிட வேண்டும் என்று துடிக்கிறவர்களைத்தான் நீங்கள் தினமும் பார்ப்பீர்கள். முக்கால்வாசிப் பேருக்குப் பணம் வேண்டாம், அவன் அழுவதைப் பார்க்க வேண்டும். பார்த்துவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்குப் போவார்கள். நாமும் அதற்குத் தாளம் போட்டு ஃபீஸ் வாங்கிக்கொள்வோம். இவளுக்குக் கோபம் இல்லாமல் இல்லை. கோபத்துக்கு வயலைக் கொடுக்க அவள் தயாராக இல்லை, அவ்வளவுதான்.

கம்பெனி வாசல் டீக்கடையில் நின்று ஜாமீன் ஜப்தியைப் பற்றி நான் கொஞ்சம் சத்தமாகப் பேசினேன். மறுநாள் காலையில் லூர்துசாமி எங்கள் ஆபீசில் நின்றான், ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு. மாதம் இருபத்தைந்து, சம்பளத் தேதியன்று எங்கள் ஆபீசிலேயே கொண்டுவந்து கட்டுவது, ஒரு மாதம் தவறினாலும் ஜாமீனை ஜப்தி செய்வது என்று எழுதிக் கையெழுத்து வாங்கினோம். இந்தத் தடவை ஸ்டாம்பை நான் போய் வாங்கிவந்தேன், இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்து. வாழைப்பழத்தை அவனிடமே கொடுத்து அனுப்பிவிட்டார் வக்கீல்.

அன்றிலிருந்து சம்பளத் தேதியன்று சாயங்காலம் நாலரை மணிக்கு அவன் வருவான், ஐந்து மணிக்கு டீச்சர் வருவாள். சில நாள் இருவரும் வாசலிலேயே எதிர்ப்பட்டுக்கொள்வார்கள். அவன் தலையைக் குனிந்துகொண்டு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போவான். அவள் நேராகப் பார்த்து நடந்து வருவாள். அவள் கொண்டுபோகிற பணம் அந்தோணி கையால் அடகு பிடித்தவருக்குப் போகும். பத்தாவது மாதமோ என்னவோ, ஊரில் மறுபடி பேச்சு கிளம்பியது. புருஷனிடம் படி வாங்குகிற மாதிரி மாசாமாசம் வந்து வாங்கிப் போகிறாள் என்று, அதே முன் பெஞ்சி ஆட்கள்தான். எனக்குள் தூங்கிக்கொண்டிருந்த உபதேசி விழித்துக்கொண்டான். இத்தனை பட்டும் எனக்குப் புத்தி வரவில்லை என்பதை மறைக்காமல் சொல்கிறேன்.

"டீச்சரம்மா, ஒவ்வொரு மாசமும் நீங்களே எதுக்கு வரணும்? ஒங்க அப்பாவை அனுப்புனா போதாதா? ஊர் ஒரு மாதிரிப் பேசுது," என்றேன்.

அவள் இருபத்தைந்து ரூபாயை இரண்டு தடவை எண்ணிப் பையில் போட்டுக்கொண்டாள். ரசீதில் கையெழுத்துப் போட்டாள். பேனாவை மூடி என் பக்கம் நகர்த்திவிட்டுச் சொன்னாள்.

"அவரு சம்பளம் கட்டிக்கிட்டவ கைக்குப் போறதுக்கு முன்னாடி எங் கைக்கு வருதுங்க. இதைப் போயி ஆள் விட்டு வாங்கச் சொல்றீங்களே."